அறுபத்தொன்று புள்ளி நான்கில் பதினோரு நிமிடம்

பிராங்க்ளினுக்கு உட்கார வராது. குறையாகச் சொல்லவில்லை, ஆளின் அமைப்பே அப்படி. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அவர் வீட்டில் நாலு நாற்காலி கிடக்கிறது. நாலிலும் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கும். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தியபடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். "வெஞ்சனம் வைக்கணும்னா நானும் பின்னாலயே ஓடணுமா?" என்று மனைவி செபாஸ்தியம்மாள் கரண்டியோடு நின்று திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாலும் கடைசித் தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். பிரசங்கம் நீண்டுவிட்டால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பக்கத்து ஆளுக்கும் நிம்மதியைக் கெடுத்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன வேலை கொடுப்பது? நடக்கிற வேலைதான். பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் அதுவே கிடைத்தது. இந்தச் சமவெளியில் பூமிக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய் போகிறது. அதற்குள் பெட்ரோலும் டீசலும் மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடுகின்றன. மேலே கத்தரியும் தக்காளியும் மல்லிகையும். தன் வெண்டைச் செடிக்குக் கீழே எண்ணெய் ஓடுவது தோட்டக்காரனுக்கே மறந்துபோகும். ஒருத்தர் போர் போடக் கிளம்புவார், இன்னொருத்தர் ஜேசிபியை இறக்குவார், மழை பெய்தால் ஓடை மண்ணை அரித்துக் குழாயை வெளியே காட்டிவிடும். இது போதாதென்று குழாயில் ஓட்டை போட்டு வால்வு மாட்டி எண்ணெய் திருடுகிற மகராசன்களும் உண்டு. அதனால் குழாய் போகும் தடத்தின் மேலேயே தினமும் ஓர் ஆள் நடந்து பார்த்துவர வேண்டும். லைன் வாக்கர் என்று பெயர். பிராங்க்ளினின் இப்போதைய பங்கு, கன்னிவாடிப் பக்கம் ஐம்பத்தாறாவது கிலோமீட்டர் கல்லிலிருந்து செம்பட்டிப் பக்கம் அறுபத்தைந்தாவது கல் வரை. ஞாயிறு மட்டும் வேறு ஆள்.

நடக்கும்போது இடுப்பில் ஒரு ஜிபிஎஸ் கருவி தொங்கும். அவர்கள் அதை டப்பா என்பார்கள். ஆள் எங்கே நடந்தார், எங்கே நின்றார், என்ன வேகத்தில் போனார் என்பதெல்லாம் டப்பா வழியாகச் செம்பட்டி அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் அதை மூன்று விநாடி அழுத்த வேண்டும், ஜீப் பறந்து வரும். பத்தொன்பது வருசத்தில் பிராங்க்ளின் அதை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. டப்பா அனுப்பிய விவரத்தை யாரும் உட்கார்ந்து படித்ததும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் அது பாட்டுக்குக் குவிந்து கிடந்தது.

போன தை மாதம்தான் வினை வந்தது.

கம்பெனி புதிதாக ஒரு ஏஐ மென்பொருளைக் கொண்டுவந்தது. அலுவலகத்தில் லைன் வாக்கர்கள் எல்லோரையும் வரச்சொல்லி, பிரபு வகுப்பெடுத்தார். பிரபு ஒட்டன்சத்திரத்துக்காரர், முப்பது வயது இன்ஜினியர், யாரையும் அண்ணா போடாமல் கூப்பிட மாட்டார். "பழைய விவரத்த எல்லாம் இதுக்குள்ள போட்டாச்சுங்ணா. குழாயோட அழுத்தம், பம்ப்போட அதிர்வு, மழை, எங்கெங்க முன்னாடி திருட்டு நடந்துச்சுங்கறது, அப்புறம் நீங்க நடக்கற நடை. எல்லாத்தையும் சேத்துப் பாத்து, இனிமே எங்க தப்பு நடக்கும்னு முன்கூட்டியே சொல்லிருமுங்க."

"அப்ப ஜோசியருன்னு சொல்லுங்க சார்" என்றார் ஆண்டனிராஜ், அடுத்த பங்கில் நடக்கிறவர். சிரிப்பு அடங்க நேரமானது. அன்றிலிருந்து அதற்கு ஜோசியர் என்றே பேர் நிலைத்துவிட்டது.

ஜோசியரைக் கேலி செய்தவர்கள் மாசி மாதமே வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாம் பம்ப்பின் பேரிங் ஒன்பது நாளில் போய்விடும் என்று அது சொன்னது. நல்லாத்தானே ஓடுகிறது என்று மெக்கானிக் சண்டைக்கு நின்றார். கழற்றிப் பார்த்தால் பேரிங் கருகிப்போய் உதிரும் நிலையில் இருந்தது. அப்புறம் யார் எதிர்த்துப் பேசுவது?

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரபு பிராங்க்ளினை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். திரையில் தடத்தின் படம் பச்சைக் கோடாக ஓடியது. ஓர் இடத்தில் மட்டும் சிவப்புப் பொட்டு. அறுபத்தொன்று புள்ளி நான்கு.

"இந்த எடத்துல தெனமும் நிக்கறீங்ளாண்ணா?"

பிராங்க்ளின் திரையை விட்டு ஒரு எட்டுப் பின்னால் போனார். "நிக்கிறதா? நானா? கால்ல முள்ளு கிள்ளுக் குத்திருக்கும் சார்."

"ரெண்டு வருசமா அதே எடத்துல, ஏழு நாப்பதுக்கு மேல, தெனமும் பதினோரு நிமிசம் குத்துதுங்களா?" பிரபுவுக்கே கேட்கச் சங்கடமாக இருந்தது. "எனக்கொண்ணுமில்லீங்ணா. திருட்டு நடந்த எடத்துல எல்லாம், அதுக்கு முன்னாடி வாக்கர் ஒருத்தரு வழக்கமா நின்னிருக்காராம். திருடனுக்கு எடத்தக் காட்டிக் குடுக்கறது, பேசி வெக்கறது, இப்படி. அதத்தான் இது பழகி வெச்சிருக்குது. அதனால அங்க திருட்டு நடக்க வாய்ப்பு எம்பத்தி நாலு சதவீதம்னு போட்டிருக்குது. மேல இருந்து கேப்பாங்க. இனிமே நிக்காதீங்க, எறங்கிரும்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிராங்க்ளின், டீக்கடையைச் சுற்றியே ஏழு தடவை நடந்தார். டீயை வாங்கவில்லை.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அறுபத்தொன்று புள்ளி நான்கில் ஒரு மஞ்சள் அடையாளக் கல். கல்லிலிருந்து நாற்பதடி தள்ளிக் கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டின் பின்வாசல், துவைக்கிற கல், துணிக்கொடி. அது கண்ணன் என்கிற தக்காளி விவசாயியின் வீடு. கண்ணனின் மனைவி பெயர் தமிழ்நிலா. தமிழ்நிலா, பிராங்க்ளினின் ஒரே மகள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவள் கண்ணனோடு போய்ப் பழனி அடிவாரத்தில் தாலி கட்டிக்கொண்டாள். இரண்டு வீட்டாரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். அங்கே நாலு பேர் முன்னிலையில் பிராங்க்ளின் கத்தினார்: "இவ எம் மகளே இல்ல. இவ வாசல என் காலு மிதிக்காது." அதோடு விட்டாரா? மறுநாளே போய் ரேஷன் கார்டிலிருந்து மகள் பெயரை எடுத்தார். வீட்டுக்கு வந்து செபாஸ்தியம்மாளிடம், "நீ அவ வாசல மிதிச்சியானா திரும்பி இந்த வாசலுக்கு வராத" என்றார். அவளும் அந்த வாசலை மிதிக்கவில்லை. பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் வேலைக்குப் போய் வந்தாள், சமைத்தாள், ஜெபம் சொன்னாள். மகள் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தமிழ்நிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்திகூட மார்க்கெட்டில் கூடப் பூக்கட்டும் ஹுஸ்னா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் கட்டிய சரம் முழுக்கக் கோணல் என்று ஹுஸ்னா சொல்வாள்.

இவ்வளவு வீராப்புப் பேசிய மனிதர் ஒரே வருசத்தில் என்ன செய்தார் தெரியுமா? முழங்கால் வலிக்குக் கன்னிவாடிப் பக்கம்தான் தோது என்று ஒரு பொய்க் கடுதாசி கொடுத்து, அந்தப் பங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சபதம் சபதம்தான். அவள் வாசலை அவர் மிதிக்கவில்லை. கம்பெனித் தடத்தில், கம்பெனிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதானே! வேலிச் சந்து வழியே பார்த்தால் தமிழ்நிலா துணி காயப்போடுவது தெரியும். முதலில் வயிற்றோடு, பிறகு இடுப்பில் குழந்தையோடு. சரியாக அந்த நேரத்துக்குத்தான் அவள் துணி காயப்போடுவாள். மழை தூறுகிற நாளிலும் காயப்போடுவாள். அது ஏன் என்று இந்த மனுசனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பிரபு எச்சரித்த மறுநாள் அவர் நிற்காமல் போனார். திங்களும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை சோறு இறங்கவில்லை. புதன்கிழமை வீட்டில் வாசலுக்கும் அடுப்படிக்கும் அவர் நடந்த நடையில் செபாஸ்தியம்மாளுக்குத் தலை சுற்றியது. "என்ன எழவுக்கு இப்படி அலையிறீக? செத்த நேரம் ஒரு எடத்துல இருங்களேன்!" என்று கத்தினாள். குழந்தை அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தது. தினமும் நாலு அடி கூடும். அந்த நாலு அடியைப் பார்க்காமல் இந்த மனிதர் ஒன்பது கிலோமீட்டர் எப்படி நடப்பார்?

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அதை யோசனை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தடத்தில் சிவனம்மாள் என்றொரு பெண் ஆடு மேய்ப்பாள். தடத்தில் மரமும் வேலியும் கிடையாது என்பதால் ஆடுகள் அதன் மேலேயே நேராகப் போகும், மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போகும். பிராங்க்ளின் டப்பாவை இடுப்பிலிருந்து கழற்றினார்.

"சிவனம்மா, ஒரு ஒத்தாசை. இத முன்னால போற ஆட்டுக் கழுத்துல கட்டிக்க. செத்த நேரத்துல ஓடியாந்து வாங்கிக்கிறேன்."

"ஏன் அப்பு, உனக்குக் கழுத்து வலிக்குதா?"

"இடுப்புல கட்டுறதுதான் இது. பேசாம கட்டு தாயி."

"சம்பளமும் ஆட்டுக்குத்தான குடுப்பாக?" என்று கேட்டுக்கொண்டே சிவனம்மாள் முன்னாடு ராணியின் கழுத்தில் டப்பாவைக் கட்டினாள். ராணி தலையை இரண்டு தடவை உதறிவிட்டுச் செம்பட்டியை நோக்கி நடந்தது. திரையில் பார்த்தால் பிராங்க்ளின் ஒழுங்காக நடந்து போய்க்கொண்டிருந்தார். நிஜ பிராங்க்ளின் வேலிச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

வியாழனும் வெள்ளியும் சனியும் ராணி நடந்தது. சிவப்புப் பொட்டு மங்கியது. பிரபு தொலைபேசியில் நன்றிகூடச் சொன்னார். திங்கட்கிழமை ராணிக்குக் கழுத்து அரித்தது. ஆட்டுக்கு அரித்தால் என்ன செய்யும்? அடுத்த அடையாளக் கல்லில் கழுத்தை வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தது. சிவப்புப் பொத்தான் மூன்று விநாடிக்கு மேலேயே அழுந்தியது.

கால் மணி நேரத்தில் ஜீப் வந்துவிட்டது. பிரபுவும், பாதுகாப்பு அதிகாரி பெருமாள்சாமியும், தடியோடு நாலு காவலர்களும். பத்தொன்பது வருசத்தில் ஒரு தடவைகூட அழுத்தாத மனிதர் அழுத்தியிருக்கிறார் என்றால் ஆளைக் குத்திப் போட்டிருப்பார்கள் என்றே பிரபு நினைத்தார். வந்து பார்த்தால் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆடு. அதன் கழுத்தில் பிராங்க்ளின். பெருமாள்சாமி சிவனம்மாளைப் பார்த்தார். சிவனம்மாள் கையை மட்டும் நீட்டி, வந்த வழியைக் காட்டினாள்.

டப்பா இல்லாத தைரியத்தில் பதினோரு நிமிடத்தையும் தாண்டி, வேலிச் சந்தில் குனிந்து நின்ற நிலையிலேயே பிராங்க்ளின் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"அடுத்தவன் வீட்டுப் பொம்பளைய எட்டிப் பாக்கிறியா, இல்ல உள்ள இருக்கிறவனுக்குத் துப்புக் குடுக்கிறியா? எதுன்னு சொல்லு" என்றார் பெருமாள்சாமி. காவலர்கள் கல்லைச் சுற்றி மண்ணைக் குத்திப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுத் தமிழ்நிலா குழந்தையோடு வேலிக்கு வந்தாள். அப்பனும் மகளும் மூன்று வருசத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டார்கள், நடுவில் கிளுவை முள்.

"இந்த ஆள உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் பெருமாள்சாமி.

தமிழ்நிலா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "பாத்திருக்கேன். தெனமும் ஏழே முக்காலுக்கு வருவாரு. பைப்லைன்காரரு."

அவ்வளவுதான் சொன்னாள். அவர்தானே மகளே இல்லை என்று சொன்னவர்? பிராங்க்ளின் பெருமாள்சாமி பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார், மூடினார். இது என் மகள் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. வாய் வந்தால்தானே! பெருமாள்சாமி அவரை ஜீப்பில் ஏற்றினார். பத்தொன்பது வருசமாகக் குழாய்த் தடத்தை நடந்தே கடந்தவர் அன்றைக்கு ஜீப்பில் உட்கார்ந்து கடந்தார், அதுவும் இரண்டு காவலர்களுக்கு நடுவில்.

அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்குள் எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும், ஆதாரத்தோடு. இல்லையென்றால் வேலை போகும், போலீஸுக்கும் எழுதுவார்கள். அதுவரை நடக்கலாம், ஆனால் அந்த இடத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் உடனே பிரபுவுக்கு அலாரம் அடிக்கும். பிரபு வாசல் வரை வந்து, "எதுவா இருந்தாலும் உண்மைய எழுதிக் குடுங்ணா. உங்கள நான் திருடன்னு நெனைக்கலீங்க" என்றார். அந்த நல்ல வார்த்தையைக் கேட்டதும்தான் பிராங்க்ளினுக்குக் கண் கலங்கியது.

இனி இருக்கிற சிக்கலைக் கேளுங்கள். பிராங்க்ளினுக்குக் கையெழுத்துப் போட வரும், கடுதாசி எழுத வராது. லீவு லெட்டர், மாற்றல் கேட்ட மனு எல்லாமே பிளஸ் டூ படித்த செபாஸ்தியம்மாளின் முத்துமுத்தான எழுத்தில்தான் போகும். முழங்கால் வலி என்ற அந்தப் பொய்யை எழுதியதும் அவள்தான். இப்போது இந்தக் காரணத்தையும் அவளிடம்தான் சொல்லி எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பூ வாசனையோடு வந்து கைகால் கழுவியதும், ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அவள் பாயில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, அனுப்புநர் பெறுநர் எல்லாம் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லுங்க."

"சுகர் இருக்கிறதுனால, ஒண்ணுக்குப் போக நிக்கிறேன்னு எழுது."

"உங்களுக்கு ஏது சுகரு?"

"அப்ப டீ குடிக்கன்னு எழுது."

"காட்டுக்குள்ள எவன் டீக்கடை போட்டிருக்கான்?"

அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். "முழங்கால் வலி! அதான் முன்னயே எழுதிக் குடுத்திருக்கமே!"

"உங்க முழங்காலு எம்புட்டு வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த நோட்டீஸக் குடுங்க, என்ன கேட்டிருக்காகன்னு பாப்போம்."

"அது எதுக்கு?" என்று அவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கொடுத்தார்.

நோட்டீஸுக்கு விவரம் கொடுத்த இந்த ஜோசியரிடம் ஒரு கெட்ட பழக்கம், எதையும் பாதியாகச் சொல்லாது. இடம், தேதி, நேரம், நின்ற நாள் அறுநூறு, நாளுக்குப் பதினோரு நிமிடம், ஆக மொத்தம் நூற்றுப் பத்து மணி நேரம். சொந்த விருப்பத்தில் மாற்றல் வாங்கி வந்தவர். அதற்குக் கீழே, நில உரிமையாளர்: ரா. கண்ணன், கன்னிவாடி. செபாஸ்தியம்மாள் விரலை வைத்து வைத்துப் படித்தாள். அந்தப் பெயரில் விரல் நின்றது.

"இது கம்பெனி எடமில்லையா?" என்றாள் மெதுவாக.

"கம்பெனித் தடம்தான்."

"கம்பெனிக்குக் குழாய் போட உரிமை மட்டும்தானாம். பட்டா கண்ணன் பேருலதான் இருக்கு, போட்டிருக்கு பாருங்க. நீங்க ரெண்டு வருசமா நின்னது மருமகன் மண்ணுலதான்."

பிராங்க்ளினின் நடை நின்றுவிட்டது. அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நடக்குதா?"

"என்ன?"

"புள்ள. நடக்குதா?"

"போன மாசம் பதினாலாந்தேதி. மொத மொத மூணு எட்டு வச்சா." தன்னையறியாமல் அவர் குரல் குழைந்துவிட்டது. "துவைக்கிற கல்லப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, கைய விட்டுட்டு…"

அவள் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார்.

"நூத்திப் பத்து மணி நேரம்" என்றாள் செபாஸ்தியம்மாள். "எனக்கு ஒரு நிமிசம் குடுத்தீகளா? அவ வாசல மிதிச்சா இங்க வராதன்னீக. நானும் கிறுக்கி மாதிரி கேட்டுக்கிட்டு, புள்ள செவப்பா கருப்பான்னு ஹுஸ்னாகிட்ட போய் விசாரிச்சுக்கிட்டு கெடந்தேன். நீங்க தெனமும் போயிப் பாத்துட்டு வந்து, ஒண்ணுந் தெரியாத மாதிரி என் கையால சோறு வாங்கித் தின்னீக." பேனாவை மூடினாள். "இத்தன வருசம் உங்க பொய்ய எல்லாம் நான்தான் எழுதினேன். மிச்சம் பூராத்தையும் எழுதித் தாரேன். காரணம்ங்கிற ஒரு வரிய மட்டும் நீங்களே எழுதுங்க."

அந்த ஒரு வரி காலியாகவே இருந்தது. புதன்கிழமை முழுக்க அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். எழுத மூன்றே எழுத்துதான், மகள் என்றால் முடிந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் இல்லை என்று கத்திய வாய், கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மகளே என்று கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்ப்பாளா என்ன, பைப்லைன்காரர் என்று சொல்லிவிட்டாளே! நினைக்க நினைக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கு அந்தக் கல்லைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் ஓட்டமாக ஓடினார்.

வியாழக்கிழமை விடியும்போது செபாஸ்தியம்மாள் புடவை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வாசலில் நின்றாள். பையில் பிளாஸ்டிக் உறைக்குள் தமிழ்நிலாவின் ஞானஸ்நானச் சான்றிதழ். கூடவே கடைவீதியில் முந்தின நாள் வாங்கிய ஒரு ஜோடிக் குட்டிச் செருப்பு, மிதித்தால் பீப்பீ என்று கத்துகிற வகை.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆதாரம் கேட்டிருக்காகல்ல? கொண்டு வாரேன்."

"அந்த வாசலுக்கா? நான் அன்னைக்கு…"

"திரும்பி இந்த வாசலுக்கு விடலன்னா அங்கயே இருந்துக்கிறேன். வண்டிய எடுங்க."

ஐம்பத்தாறாவது கல்லிலிருந்து இருவரும் நடந்தார்கள். அவள் மூச்சு வாங்கினாள், செருப்பில் முள் ஏறியது, உட்கார்ந்து எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிராங்க்ளின் ஒருத்தருக்காக நடையைக் குறைத்தார். ஆடுகளோடு எதிரே வந்த சிவனம்மாள், "இன்னைக்கு ராணி வேணாமா அப்பு?" என்று கேட்டாள். அவருக்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

அறுபத்தொன்று புள்ளி நான்குக்கு வந்தபோது மணி எட்டாகிவிட்டது. அந்த நேரத்துக்கும் கொடியில் துணி ஏறவில்லை. நனைந்த துணி வாளியிலேயே இருக்க, தமிழ்நிலா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செபாஸ்தியம்மாள் புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்கயே நில்லுங்க. உங்க எடம் இதுதான?" என்று சொல்லிவிட்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு படலைத் தள்ளி உள்ளே போனாள்.

அவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மாவைப் பார்த்ததும் தமிழ்நிலாவின் கையிலிருந்த வாளி சாய்ந்தது தெரிந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கேட்கவில்லை. செபாஸ்தியம்மாள் தரையில் உட்கார்ந்து குழந்தையின் காலில் செருப்பை மாட்டினாள். பீப்பீ என்று ஒரு சத்தம். இன்னொரு பீப்பீ. குழந்தை தன் காலையே குனிந்து பார்த்துவிட்டுக் கெக்கே என்று சிரித்தது. உள்ளே போய்விட வேண்டும் என்று பிராங்க்ளினின் கால் துடித்தது. அதே கால் நகரவும் மறுத்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. பிரபு.

"அண்ணா, மூணு நிமிசம் தாண்டிருச்சுங்க. பெருமாள்சாமி சாரும் பக்கத்துலதான் இருக்கறாரு. காரணம் என்னங்ணா போடட்டும்?"

பிராங்க்ளின் தொண்டையைச் செருமினார். "மக வீடு சார்" என்றார் மெதுவாக.

"கேக்கலீங்ணா. அங்க டவர் சரியில்ல. இன்னொருக்கா சொல்லுங்க."

"மக வீடு."

"சுத்தமா கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்ணா!"

ஸ்டேஷனில் அன்றைக்குக் கத்திய அதே குரல்தான். அடிவயிற்றிலிருந்து வந்தது. "எம் மக வீடு சார்! எம் மக தமிழ்நிலா வீடு! அவளப் பாக்கத்தான் நின்னேன்! தெனமும் அவளப் பாக்கத்தான் நின்னேன்!"

பீப்பீ சத்தம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று தலைகள் திரும்பின.  பிறகு பிரபு, "கேட்டுச்சுங்ணா. இதையே கடுதாசியில எழுதிக் கொண்டாந்துருங்க. நான் சார்கிட்டச் சொல்லிக்கறேன்" என்றார். "இன்னும் எத்தன நிமிசம் ஆகும்னு போடட்டுங்க?"

தமிழ்நிலா வீட்டுக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொள்ளப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தாள். கண் முழுக்க அழுகை, முகம் முழுக்கக் கோபம். நாற்காலியை மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள்.

"வாசலத்தான மிதிக்க மாட்டீக? இங்கயே உக்காருங்க. காப்பி கொண்டாறேன், அப்பா."

பிராங்க்ளின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நேரமாகும் சார்" என்றார். "உக்காரப் போறேன்."

உட்கார்ந்தார்.